நாம் கேட்பது அவர் காதிலும் விழ வேண்டும்

கேள்வி: நான் கோவையைச் சேர்ந்தவள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்2 நிலை தேறி, இரண்டு ஆண்டுகளாக யோகோஹாமாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிரிட்ஜ் என்ஜினியராக இருக்கிறேன். ஜப்பானிய வாடிக்கையாளருக்கும் அமெரிக்காவில் உள்ள எங்கள் குழுவுக்கும் நடுவே பேசுவது என் வேலை. மேலாளர் தொலைபேசியில் பேசும்போது நான் குறுக்கிடாமல் மரியாதையாகக் கேட்பேன், அவரோ பாதியில் நிறுத்தி, "மோஷி மோஷி (ஹலோ), கேட்கிறதா?" என்கிறார். ஒரு காணொளிக் கூட்டத்தில் நான் தலையாட்டிக்கொண்டே இருந்தும், "என் யோசனையில் உங்களுக்குத் தயக்கமா?" என்று கேட்டார். அதனால் அடிக்கடி 'ஹை' (ஜப்பானியத்தில் 'ஆம்') சொல்லப் பழகினேன். அதே பழக்கத்தில் அமெரிக்கக் குழுவிடம் 'யா, யா' என்று வர, அங்குள்ள குழுத் தலைவர், "ஏதோ சொல்ல வருகிறீர்களே, சொல்லுங்கள்" என்று தன் பேச்சை இரண்டு முறை நிறுத்திவிட்டார். இதற்கிடையே, வாடிக்கையாளர் ஒவ்வொரு வரிக்கும் 'ஹை, ஹை' என்றதை நம்பி, வெளியீட்டுத் தேதி தள்ளிப்போக அவர்கள் ஒப்புக்கொண்டதாக அமெரிக்காவுக்கு எழுதிவிட்டேன். அவர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லையாம். கோளாறு என் ஜப்பானிய மொழியிலா, என்னிடமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஜப்பானிய மொழியில் கோளாறு இல்லை. என்2 தேறியவருக்கு மேலாளர் பேசும் வாக்கியம் புரியாமல் போவதில்லை. ஆனால் அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நாம் பேசிக் காட்டவே இடமில்லாத தேர்வில், அடுத்தவர் பேசும்போது நம் வாயும் தலையும் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதை யாரும் சோதிக்கப் போவதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்தும், கூட்டங்களில் மொழிபெயர்த்தும் வருகிற எனக்கு, நல்ல மதிப்பெண் பெற்று ஜப்பான் போன மாணவர்கள் எழுதும் கடிதங்களில் இந்த வருத்தம் அடிக்கடி வருகிறது. நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: கேட்பவர் எழுப்பும் சின்னஞ்சிறு ஒலி, ஒவ்வொரு மொழியிலும் வேறு வேறு இடத்தில் விழுகிறது, வேறு வேறு பொருளும் தருகிறது.

அந்த ஒலிக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் 'ஐஸுச்சி'. கொல்லன் பட்டறைச் சொல் அது. 'ஐ' என்பது பரஸ்பரம், 'ட்ஸுச்சி' என்பது சம்மட்டி. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் ஆசான் ஓர் அடி போட, எதிரே நிற்பவர் அடுத்த அடியைப் போட, இரண்டு சம்மட்டிகளும் மாறி மாறி விழுவதைக் குறித்த சொல்லே பேச்சுக்கும் வந்தது. இன்றும் அவர்கள் 'ஐஸுச்சி அடிப்பது' என்றுதான் சொல்கிறார்கள். எதிர்ச் சம்மட்டி விழவில்லை என்றால் ஆசான் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். உங்கள் மேலாளர் 'மோஷி மோஷி' என்றதும் அப்படித்தான். உங்கள் மௌனத்தை அவர் மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. இணைப்பு போய்விட்டதோ, அல்லது உங்கள் மனம் விலகிப் போய்விட்டதோ என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

அவர் பேச்சைச் சற்று நெருங்கிக் கேளுங்கள். நேற்று சர்வர் நின்றுபோனதைச் சொல்ல வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கினோ தெஸு நே" என்று தொடங்கி ஒரு கணம் நிற்பார். "ஸாபா கா தெஸு நே" என்று இன்னொரு கணம். "ஒச்சிமாஷிதே" என்று மூன்றாவது முறை. நம் பேச்சில் சொன்னால், "நேத்து பாருங்க... சர்வர் வந்துங்க... நின்னு போயி..." என்பதாகும். இன்னும் முற்றுவினை வரவில்லை, வாக்கியம் பாதியில் நிற்கிறது. ஆனாலும் அந்த மூன்று இடங்களிலும் 'ஹை' விழ வேண்டும். 'நே' என்ற அசை அதற்காகவே விடப்பட்ட இடைவெளி. 'தே' என்று முடியும் வினையெச்சமும், 'ஆனால்' என்ற பொருள் தரும் 'கெதோ'வும், 'ஆகையால்' என்ற பொருள் தரும் 'காரா'வும் அப்படிப்பட்ட இடங்கள்தாம். குரலிலும் ஒரு சைகை உண்டு. நைஜல் வார்டு, வதாரு ட்ஸுகஹாரா என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பேசுபவரின் சுருதி ஏறத்தாழ 110 மில்லி வினாடி தாழ்ந்து நின்றால், அதைத் தொடர்ந்து கேட்பவரின் ஒலி வரும் வாய்ப்பு மிகுதி என்று ஆங்கிலம், ஜப்பானியம் இரண்டுக்கும் காட்டினார்கள். ஒரு வினாடியில் ஒன்பதில் ஒரு பங்கு நேரம். காது அதைப் பிடித்துவிடுகிறது.

இது உங்களுக்குப் புதிதே இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இதற்குத் தமிழில் 'உம் கொட்டுவது' என்று பெயர். பேரன் பேத்தி உம் கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடும் பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். வில்லுப்பாட்டில் அண்ணாவியார் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமாம்' போடுகிறார். அது இல்லாமல் வில்லுப்பாட்டு நடப்பதில்லை. உங்கள் அம்மா தொலைபேசியில் கதை சொல்வதை நினைத்துப் பாருங்கள்: "கடைக்குப் போனனா..." "ம்." "அங்க உங்க அத்தை நின்னுட்டிருந்தாங்களா..." "ம்." அந்த 'போனனா'வில் இருக்கும் 'ஆ', கேள்வி போலத் தெரிந்தாலும் கேள்வி இல்லை, மேலாளரின் 'நே' செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. ஜப்பானியத்தைப் போலவே தமிழிலும் வினை கடைசியில்தான் வருகிறது. 'போய், பார்த்து, கேட்டு' என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகிறோம். இத்தனை நீளமான சங்கிலியை எதிராளி கூடவே பிடித்துக்கொண்டு வருகிறாரா என்று நடுநடுவே தெரிந்துகொள்ளும் தேவை இரண்டு மொழிக்காரர்களுக்கும் இருக்கிறது. அம்மாவிடம் தானாக வரும் இந்தப் பழக்கம் அலுவலகத்தில் வராமல் போவதற்கு, 'பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே' என்று பள்ளியில் கற்றதும், மைக்கை அணைத்துவிட்டுக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியதுமே காரணம் என்பது என் கருத்து. மரியாதை என்று நினைத்து நீங்கள் அடக்கி வைத்ததைத்தான் மேலாளர் மரியாதையாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அளவிலும் வேறுபாடு பெரிது. அமெரிக்காவில் பணியாற்றிய மொழியியலாளர் செங்கோ மேனார்ட், 1980களில் ஜப்பானியர் இருவர் பேசுவதையும் அமெரிக்கர் இருவர் பேசுவதையும் பதிவு செய்து ஒப்பிட்டபோது, ஜப்பானியக் கேட்பவர் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒலியும் தலையசைப்பும் தருவதைக் கண்டார். 1996இல் பட்ரீஷியா கிளான்சியும் அவருடைய கூட்டாளிகளும் சீன மாண்டரினையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். அதில் மாண்டரின் பேசுபவர்களே மிகக் குறைவாக ஒலி எழுப்பினார்கள். உங்கள் அலுவலகத்தில் சீனாவிலிருந்து வந்த சக ஊழியர் யாராவது இருந்தால் விசாரித்துப் பாருங்கள். அவரும் 'மோஷி மோஷி' கேட்டிருக்கக்கூடும். எண்ணிக்கையைவிட, அந்த ஆய்வு இடத்தைப் பற்றிச் சொன்னதுதான் உங்களுக்கு உதவும்: ஆங்கிலம் பேசுபவர்கள் இலக்கணப்படி வாக்கியம் முடியும் இடத்துக்காகக் காத்திருந்து ஒலிக்கிறார்கள், ஜப்பானியர் வாக்கியத்தின் நடுவிலேயே ஒலிக்கிறார்கள். மொழியாசிரியர் மிஸுதானி நொபுகோ இந்த ஜப்பானிய முறைக்குக் 'கியோவா' என்று பெயரிட்டார். இருவர் எதிரெதிரே நின்று பேசுவது 'தாய்வா' என்றால், ஒரே பேச்சை இருவர் சேர்ந்து நெய்வது 'கியோவா'.

கேட்பவரின் ஒலி பேச்சையே மாற்றிவிடும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று கனடாவிலிருந்து வருகிறது. விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஜேனட் பவேலஸ், தாங்கள் மயிரிழையில் ஆபத்திலிருந்து தப்பிய கதையைச் சிலரைச் சொல்ல வைத்தார். கேட்பவர்களில் சிலரிடம், கதை சொல்பவருக்குத் தெரியாமல், ஆங்கில 'டி' (t) எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணிக்கொண்டே வரும்படி சொல்லியிருந்தார். எண்ணுகிறவர் முகம் கதை சொல்பவரையே பார்த்துக்கொண்டிருந்தது; ஆனால் 'ஐயோ' என்று பதறவேண்டிய இடத்தில் அவரிடமிருந்து பதற்றம் வரவில்லை. அப்படிப்பட்டவரிடம் சொல்லப்பட்ட கதைகள் மோசமாகவே வந்தன, குறிப்பாக முடிவில் தடுமாறின. 2000இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து, 'ம்' என்பதை ஒரு நாகரிகப் பழக்கமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. நீங்கள் மௌனமாக இருந்த நாட்களில் உங்கள் மேலாளருக்குத் தன் விளக்கமே சரியாக வராமல் போயிருக்கலாம். அந்த அசௌகரியம்தான் உங்களிடம் கேள்வியாகத் திரும்பியது.

சொற்களைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிகம் தேவையில்லை. நண்பர்களிடையே 'உன்' என்பார்கள். எழுத்தில் நம் 'உன்' போலத் தெரிந்தாலும் காதில் நம் 'ம்' போன்ற மூக்கொலிதான். அதை மேலாளரிடம் சொல்லாதீர்கள். 'ஹை', 'ஸோ தெஸு கா' (அப்படியா), 'ஸோ தெஸு நே' (ஆமாம், அப்படித்தான்) மூன்றும் போதும். வாடிக்கையாளரிடம் 'ஒஸ்ஷாரு தோரி தெஸு' என்று, அதாவது 'நீங்கள் சொல்வது சரிதான்' என்று, உண்மையாகவே உடன்படும்போது மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். 'நருஹோதோ' காதுக்கு இனிமையாக இருப்பதால் நம் மாணவர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். 'ஓ, அப்படியா, சரிதான்' என்று நாம் மதிப்பிட்டுச் சொல்வது போன்ற தொனி அதில் இருப்பதால், மேலிடத்தில் இருப்பவரிடம் அதைத் தவிர்க்கச் சொல்லும் ஜப்பானியர் பலர் உண்டு. 'ஹை, ஹை' என்று அவசரமாக இரட்டிப்பதும் 'சரி சரி, போதும்' என்று ஒலிக்கும். 'ஹை ஒரு முறை போதும்' என்பது அங்கே குழந்தைகளுக்குச் சொல்லும் கண்டிப்பு. இடைவெளி விட்டுத் தனித்தனியாக விழும் 'ஹை'களில் இந்தத் தொனி வராது.

காணொளிக் கூட்டத்தில் தலையாட்டியும் தயக்கமா என்று கேட்டாரே, அதற்குக் காரணம் தலையாட்டிய விதமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். 'சரி' என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறோம். ஜப்பானில் தலையை ஒரு பக்கம் சாய்ப்பது 'குபி ஓ காஷிகேரு'; புரியவில்லை, சந்தேகமாக இருக்கிறது என்பதற்கான சைகை அது. நீங்கள் நூறு முறை 'சரி' சொன்னீர்கள். அவர் நூறு முறை சந்தேகத்தைப் பார்த்தார். அவருடைய கேள்வியில் குத்தல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணில் பட்டதைக் கேட்டிருக்கிறார். மேலும் கீழுமாகத் தலையசைக்கப் பழகுங்கள். இணையவழிக் கூட்டத்தில் பலரும் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பினால் பேசுபவரின் குரல் வெட்டுப்படும் என்பதால், ஜப்பானியரே மைக்கை அணைத்துவிட்டு வழக்கத்தைவிடப் பெரிதாகத் தலையசைக்கிறார்கள். அங்கே தலைதான் உங்கள் 'ஹை'.

இனி அமெரிக்கக் குழு. கேட்பவரின் ஒலிக்கு ஆங்கில ஆய்வுலகம் வைத்த பெயரே வேறு கதை சொல்கிறது. 1970இல் விக்டர் யிங்வே அதை 'பேக் சேனல்' என்றார்: முன்தடம் பேசுபவருக்கு உரியது, கேட்பவர் பின்னால் உள்ள தடத்தில் மெல்லச் செய்தி அனுப்புகிறார். இரண்டு சம்மட்டிகள் சமமாக விழும் படத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒருவருக்குப் பேசக் கிடைத்த வாய்ப்பு அவருக்கே சொந்தம். அதற்குள் அடிக்கடி விழும் ஒலி, அந்த வாய்ப்பைக் கேட்டு வாங்குவதுபோல் ஒலிக்கும். அதிலும் நீங்கள் தேர்ந்த சொல் சிக்கலானது. கெயில் ஜெஃபர்சன் 1984இல் எழுதிய கட்டுரையில், 'ம்-ஹ்ம்' சொல்பவர் தொடர்ந்து கேட்கவே இருக்கிறார் என்றும், 'யா' சொல்பவர் பெரும்பாலும் தானே பேசத் தொடங்கும் நிலைக்கு நகர்கிறார் என்றும் நுட்பமாகக் காட்டினார். ஆகவே உங்கள் குழுத் தலைவர் உங்களைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. உங்கள் 'யா, யா'வை அவர் மொழியின் வழக்கப்படி சரியாகவே புரிந்துகொண்டு, பெருந்தன்மையோடு வழிவிட்டிருக்கிறார். அவரிடம் 'ம்-ஹ்ம்' போதும். அதையும் வாக்கியம் முடிந்து குரல் இறங்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். நீண்ட விளக்கம் என்றால் 'ரைட்', 'ஐ சீ' என்று மாற்றிக்கொள்ளுங்கள்; ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் கவனம் வேறெங்கோ இருப்பதாகத் தோன்றும்.

தேதி விஷயம் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. பணமும் நம்பிக்கையும் அதில் இருக்கின்றன. இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பானிலிருந்து வந்த தரப் பரிசோதகர் ஒருவர் கையில் ஒரு வார்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, நம் மேற்பார்வையாளர், விளிம்பில் உள்ள சொரசொரப்பு பொருத்தும்போது பாதிக்காது என்று விளக்கினார். நான் ஒவ்வொரு பகுதியாக ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்ல அவர் 'ஹை... ஹை...' என்றார். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் 'சரி என்கிறார்' என்றேன். சரக்கு லாரியில் ஏறியது. பரிசோதகர் சொன்னது, 'நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்' என்பது மட்டுமே. மறுநாள் காலை அந்த லாரியைத் திருப்பி அழைத்து, சரக்கை இறக்கி, ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தார்கள். நான் 'சரி' என்ற ஒரு சொல்லை மொழிபெயர்த்ததாக நினைத்தேன். உண்மையில் சொல்லே இல்லாத ஓர் ஒலிக்கு நானாக ஒரு முடிவை ஏற்றிவிட்டேன்.

எனவே ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் விழும் 'ஹை'க்கு, 'கேட்கிறேன்' என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ளாதீர்கள். 'ஸோ தெஸு நே' என்பதும் இழுத்துச் சொல்லப்பட்டால் 'யோசிக்கிறேன்' என்பதுதான். 'கென்தோ ஷிமஸ்' என்றால் பரிசீலிக்கிறோம். அதுவும் சம்மதம் இல்லை. சம்மதம் முழு வாக்கியமாக வரும்: 'ஸோரெதெ கெக்கோ தெஸு', அதாவது 'அப்படியே ஆகட்டும்', அல்லது 'ஸோனோ நித்தெய்தெ ஒநெகாய் ஷிமஸ்', அதாவது 'அந்தத் தேதியிலேயே செய்து கொடுங்கள்'. வாடிக்கையாளர் தரப்பில் கூட்டத்துக்கு வருபவர் பெரும்பாலும் தனியாக முடிவெடுக்கக் கூடியவராக இருக்க மாட்டார். தன் அலுவலகத்தில் கலந்து பேசியே சொல்வார். கூட்டத்தில் முழு வாக்கியம் வரவில்லை என்றால் அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. அன்றே கூட்டக் குறிப்பில் எழுத்தாகக் கேட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு ஒன்றே ஒன்று. ஜப்பானியத் தொலைக்காட்சியிலோ வானொலியிலோ ஒரு நேர்காணலை எடுத்து, நேர்காணல் செய்பவரின் குரலை மட்டும் பின்பற்றி, அவர் 'ஹை' சொல்லும் இடத்தில் நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். முதல் நாள் பிந்துவீர்கள். சில நாட்களில் 'நே' வருவதற்கு முன்பே உங்கள் தலை அசையத் தொடங்கும். பிறகு அம்மாவை அழைத்துப் பேசும்போது உங்கள் 'ம்' எங்கெங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அதே இடங்கள்தாம்.

மேலாளரிடம் இதை மறைக்க வேண்டாம். "எங்கள் ஊரில் பெரியவர்கள் பேசும்போது அமைதியாகக் கேட்பது மரியாதை, அதனால்தான் ஐஸுச்சி குறைவாக இருந்தது" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அவர் மனத்தில் இருக்கும் கேள்வி நீங்கிவிடும். அமெரிக்கக் குழுவுக்கு, தேதி இன்னும் உறுதியாகவில்லை, நான் முந்திக்கொண்டு எழுதிவிட்டேன் என்று இன்றே திருத்தம் அனுப்புங்கள். வாடிக்கையாளருக்கு அனுப்பும் மடலில் விளக்கம் எதுவும் நீட்டாமல், புதிய தேதியை எண்ணால் எழுதி, அதன் கீழே இந்த ஒரு வரியை வையுங்கள்: "ஸோனோ நித்தெய்தெ ஸுஸுமெதெ யோரோஷீ தெஷோ கா". அந்தத் தேதியிலேயே மேற்கொண்டு போகலாமா என்பது பொருள். பதிலில் வினைச்சொல் முழுதாக வரும்வரை அமெரிக்காவுக்கு அடுத்த மடல் போக வேண்டாம்.